பிளாஸ்திரி ஒட்டிய சுருதிப் பெட்டி

என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டபோது ஒன்பது. அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, பயம். என் பிறந்த வீட்டிலும் சரி, கணவர் வீட்டிலும் சரி, பாடத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. படித்து, பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தவர்கள் நாங்கள். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பள்ளிப் பாடம் எதில் மகள் தடுமாறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுவேன். பாட்டில் தடுமாறினால், அது தடுமாற்றம் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதுபோல் இருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவரிடம் சேர்த்தோம். ஒரு வருடம் ஆனதும் டீச்சர் அவளை மேலேயும் கீழேயும் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவளுக்கு அஞ்சரைக் கட்டைங்க. வீட்லயும் ஒரு சுருதிப் பெட்டி வாங்கி வச்சிடுங்க," என்றார். பாடுகிறவர் குரலின் எந்த உயரத்திலிருந்து பாடப்போகிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த உயரத்தில் 'ச' என்கிற சட்ஜத்தை நிறுத்தி, அதை விடாமல் ஒலிக்கச் செய்துகொண்டே இருப்பது சுருதிப் பெட்டியின் வேலை. கட்டையைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு குமிழ் உண்டு.

அஞ்சரை என்ற அந்த எண்ணை நான் அவளுடைய ரத்த வகையைப்போல மனதில் பதித்துக்கொண்டேன். யாராவது கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஒரு பொங்கலுக்கு என் கணவர் அலமாரியைத் துடைத்தபோது குமிழ் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அது தெரியாமல் காலையெல்லாம் பாடிய பிள்ளை, என்னவோ மாதிரி இருக்கிறது என்று அழுதாள். உடனே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து, குமிழின் குறுக்கே நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டேன். இனி யாரும் தெரியாமல்கூடத் திருப்ப முடியாது. அன்று எனக்கு ஒரு பொறுப்பான வேலையைச் செய்துமுடித்த நிம்மதி.

போன வருடம் டீச்சர் சிதம்பரத்துக்குக் குடிபோனார். அங்கே ஒரு இசைப்பள்ளியில் வேலை. வகுப்பு போனுக்கு மாறியது. போனில் ஒருவர் பாடுவது மற்றவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், சேர்ந்து பாட முடியாது, பாதியில் விட்டுவிட்டும் கேட்கும். அதனால் டீச்சர் இசையின் இலக்கணத்தையும் வரலாற்றையும் அதிகமாக நடத்த ஆரம்பித்தார். அந்த இசைப்பள்ளியில் நடக்கும் தேர்வுக்கும் பெயர் கொடுத்தோம். பாட்டுக்குப் பாதி மதிப்பெண், வாய்மொழிக் கேள்விகளுக்குப் பாதி.

உண்மையைச் சொன்னால், அதன் பிறகுதான் நான் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். பாட்டுக்குள் நான் கால் வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. அவளுக்காக நானும் படித்தேன். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்கள் என்றால் எழுபத்திரண்டு பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் மலைத்தேன். கடைசியில் பார்த்தால் அது ஒரு பெருக்கல் கணக்கு. 'ச'வும் 'ப' என்கிற பஞ்சமமும் அசையாது. 'ரி', 'க' இரண்டும் சேர ஆறு வழி. 'த', 'நி' இரண்டும் சேர ஆறு வழி. 'ம' இரண்டு வகை. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் இரண்டு. சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். கணவர் டீ குடித்துக்கொண்டே, எழுபத்தி மூணாவதாக ஒன்று கண்டுபிடித்தால் பெயர் வைக்க விடுவார்களா என்று கேட்டார்.

"கணக்கு டீச்சர் வீட்ல வந்து கேக்குற கேள்வியாப்பா இது," என்றாள் மகள்.

ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கேள்வி கேட்பேன். ஏழு சுரங்களுக்கும் பழந்தமிழில் என்ன பெயர், தாளத்தின் உறுப்புகள் எவை, பண்ணுக்கும் ராகத்துக்கும் என்ன உறவு. பின்னால் உட்கார்ந்தபடி சொல்வாள். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

அவளுக்கு மிகவும் பிடித்தது வரலாற்றில் வரும் சிதம்பரம் கதை. பண்ணோடு பாடப்பட்ட பழைய பதிகங்கள் எங்கே போயின என்று ஓர் அரசர் தேடியபோது, சிதம்பரம் கோயிலில் பூட்டிக்கிடந்த ஓர் அறையில் சுவடிகள் கிடைத்தன என்றும், அவற்றில் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்றும் சொல்வார்கள். மிஞ்சியவற்றில் சொற்கள் இருந்தன. எப்படிப் பாடுவது என்பது யாருக்கும் தெரியவில்லை. பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடி அழைத்துவந்தார்கள். அவள்தான் பண்களைப் பாடிக் காட்டினாளாம். "அந்தம்மா அன்னிக்கி ஊர்ல இல்லாம போயிருந்தா?" என்று என் மகள் அடிக்கடி கேட்பாள். அந்தக் கேள்விக்கு விடை எனக்கும் தெரியாது. தேர்வில் அதைக் கேட்கவும் மாட்டார்கள் என்று மட்டும் சொல்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் மாலை மாடிப்படி ஏறும்போது கீழ் வீட்டு அக்கா நிறுத்தினார். அவர்தான் வீட்டுக்காரர்.

"என்னா டீச்சர், கொஞ்ச நாளா பாப்பா பாட்டுச் சத்தமே காணோம். பெட்டி மட்டுந்தான் ங்ஙொய்னு கத்திக்கிட்டுக் கெடக்குது."

தேர்வுக்குக் கேள்வி பதில் அதிகம் என்று ஏதோ சொல்லிவிட்டு மேலே வந்தேன். ஆனால் அந்த வார்த்தை கூடவே ஏறி வந்தது. காலையில் அவள் சாதகம் செய்யும், அதாவது பாடிப் பழகும் நேரம்தான் நான் சட்னி அரைக்கும் நேரம். மிக்சி, குக்கர், குழாய் எல்லாவற்றுக்கும் நடுவில் அறையிலிருந்து பெட்டியின் ரீங்காரம் வந்துகொண்டிருக்கும். அது கேட்டால் போதும், பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மிக்சியைப் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அறைக்கதவின் இடுக்கில் பார்த்தேன். பாயில் சம்மணமிட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். நான் சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பி மிக்சியைப் போட்டேன். அவள் நடிக்கிறாள் என்று கோபப்படுவதா, நடிக்கும்படி என்ன செய்தேன் என்று என்னைக் கேட்டுக்கொள்வதா தெரியவில்லை. வகுப்புக்குப் போகாத பிள்ளையைப் பிடிக்கத் தெரியும். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே இல்லாமல் போன பிள்ளையை என்ன செய்வது?

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஐஸ்கிரீமை நிறுத்தினேன். தயிரை நிறுத்தினேன். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கஷாயம் வைத்தேன். பாண்டிச்சேரியில் தொண்டை டாக்டர் யார் நல்லவர் என்று ஸ்டாஃப் ரூமில் விசாரித்தேன். கணவர், "தொண்ட கட்டியிருக்கும், கொஞ்ச நாள் விடேன்," என்றார். விடுவது எனக்கு வராது.

கஷாயம் மூன்றாம் முறை கைக்கு வந்தபோது அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தொண்டைல ஒன்னும் இல்லம்மா. வரல. அவ்ளோதான்."

"என்னா வரல?"

"மேல போனா வரல. பஞ்சமம் தாண்டுனாலே கிறீச்சுனு ஒடஞ்சிடுது. முன்ன வந்துது. இப்ப போயிடுச்சி." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "தியரி எனக்கு நல்லா வருதில்ல? அத மட்டும் சொல்லிடவா?" என்றாள்.

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. நான் சந்தோஷப்பட்ட அத்தனை பதில்களுக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் கேள்வி கேட்கக் கேட்க அவளுக்கு இடம் வசதியாகிக்கொண்டே போயிருக்கிறது. போனில் டீச்சர் பாடச் சொல்லும்போது நெட் சரியில்லை என்பாள். நானும் அதை நம்பி வேறு சிம் வாங்கிக் கொடுத்தேன்.

டீச்சரிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் பாட்டையே விட்டுவிடுவேன் என்றாள். தேர்வுக்கு வருவதாகவும், கேள்விக்குப் பதில் சொல்வதாகவும், பாடச் சொன்னால் அந்த நேரத்தில் எது வருகிறதோ அது என்றும் சொன்னாள். நான் தலையாட்டினேன். தலையாட்டியது சரியா என்று தேர்வு நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு குரல் அப்படிப் போய்விடுமா? போனால் திரும்பி வருமா? அவள் பாடாத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன். பாட்டு இல்லாத வீட்டில்தான் நான் வளர்ந்தேன், எனக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் நினைக்க முடியவில்லை.

தேர்வன்று காலையிலேயே சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். அவருக்குப் பகல் ஷிப்ட். சுருதிப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். அந்தத் தடத்துப் பஸ்களின் ஹாரன் ஒவ்வொன்றும் ஒரு பாட்டு. முன்பெல்லாம் அது எந்தச் சுரம் எந்தச் சுரம் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அன்று ஆலப்பாக்கம் தாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருக்க எனக்குத்தான் முடியாது. வழக்கம்போலக் கேள்வியை எடுத்தேன்.

"ஆதார சுருதின்னா என்ன, சொல்லு."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். "சட்ஜத்துக்கென்று நிலையான இடம் கிடையாது. பாடுபவர் தன் குரலுக்கு வசதியான இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். மற்ற சுரங்கள் எல்லாம் அதைச் சார்ந்து அமையும்."

சரி என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போக வாயெடுத்தேன். போகவில்லை. இந்தப் பதிலை எத்தனையோ தடவை ஸ்கூட்டரில் கேட்டிருக்கிறேன். ஒரு சொல் விட்டுப்போனால் திருத்தியும் இருக்கிறேன். மடியில் இருந்த பெட்டி அப்போதுதான் கனத்தது. துண்டுக்கு மேலேயே கை வைத்துப் பார்த்தேன். பிளாஸ்திரி இருக்கும் இடம் விரலுக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் அவளுக்கு ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கியிருக்கிறேன். சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்திருக்கிறேன். அவள் வயதுக்கு வருவதற்கு முன்பே, பயந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் படம் வரைந்து சொல்லியிருந்தேன். உடம்பில் எதெது மாறும் என்று சொன்ன பட்டியலில் குரல் இல்லை. ஆண் பிள்ளைகளுக்குத்தான் குரல் உடையும் என்று என் மனதில் இருந்தது. அவள் எல்லாப் பக்கமும் வளர்ந்துவிட்டாள். பத்து வயதுக் குழந்தையின் 'ச' மட்டும் பிளாஸ்திரிக்கு அடியில் அப்படியே இருந்தது.

இதெல்லாம் அந்த நிமிடமே தெளிவாகத் தோன்றியதாகச் சொன்னால் பொய். ஒரு சந்தேகமாகத்தான் வந்தது. வந்ததும் அதன் மேல் இன்னொரு சந்தேகம் ஏறிக்கொண்டது. எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர் எழுதிய மாத்திரையில் பாதியைக்கூடக் கேட்காமல் குறைக்காதவள் நான். டீச்சர் வைத்த கட்டையைத் தேர்வு நாளில் மாற்றுவதா? டீச்சரிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளை கேட்டதையும் மீறி முட்லூர் நிறுத்தத்தில் போன் போட்டேன். எடுக்கவில்லை. தேர்வு நடக்கும் இடத்தில் அவருக்கு வேலை, போனை ஒலிக்காமல் வைத்திருப்பார். வெள்ளாற்றுப் பாலத்தில் மறுபடியும் போட்டேன். இல்லை.

சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டுக் குளத்தின் பக்கம் படியில் உட்கார்ந்தோம். அவ்வளவாகக் கூட்டமில்லை. யாரோ கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரூம் எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டாள். கறையான் தின்ற அறையைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. தெரியாது என்றேன். அவளாகப் பேசியதே போதும் என்றிருந்தது. அந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்றும் தோன்றியது, கெடுத்துவிடக் கூடாது என்றும் தோன்றியது.

"அந்தம்மாவ கூட்டியாந்து பாடச் சொன்னாங்க இல்ல," என்றேன். "அவுங்க எத்தன கட்டைல பாடியிருப்பாங்க?"

"அப்ப ஏதும்மா கட்ட கணக்கெல்லாம். அவுங்களுக்கு எது வருமோ அதுல பாடியிருப்பாங்க."

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்களா, ஏன் இவ்ளோ கீழ பாடுறன்னு?"

"கேக்குறவங்களுக்கே ஒன்னும் தெரியாது. இதுல எங்கேர்ந்து கேக்குறது," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் துண்டைப் பிரித்தேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது பாப்பா," என்றேன். "தப்பாவும் இருக்கலாம். டீச்சர் போன் எடுக்கல. நீ வேணும்னா திருப்பிப் பாரு. வேணாம்னா அப்டியே வச்சிடலாம்."

அவள் பெட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். கட்டையைக் குறைப்பது மார்க் குறைவதுபோலத்தான் அவளுக்கும். கூடக் கற்றவர்கள் எல்லாம் எனக்கு ஆறு, எனக்கு ஆறு என்று சொல்லிக்கொள்வார்களாம். பிறகு நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினாள். அது எளிதில் வரவில்லை, நான் அப்படி ஒட்டியிருந்தேன். வந்தபோது பசை குமிழிலேயே தங்கிவிட்டது. குமிழைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். வாய்க்குள் முனகிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். பெட்டியின் ஒலி மாறியது எனக்கே தெரிந்தது. காலை நேரத்தில் எழுந்திருக்க மனமில்லாமல் பேசுவாளே, அந்தக் குரலின் பக்கத்தில் வந்து நின்றது.

'ச' என்று பிடித்தாள். காற்று கலந்த, கொஞ்சம் தடித்த ஒலி. எனக்கு அறிமுகமில்லாத குரல். மெதுவாக மேலே ஏறினாள். 'ப'வில் நின்றாள். என் கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. அதற்கும் மேலே போனாள். மேல் சட்ஜம் நடுங்கியது. உடையவில்லை. கால் நனைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"நாலர," என்றாள் குமிழைப் பார்த்து. நல்லதா கெட்டதா என்று என் முகத்தில் தேடினாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது.

தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் என்னோடு இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய பெண் அடுத்து போக வேண்டியவள். கதவு மூடியதும் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு எத்தன கட்டைங்க? எங்க பொண்ணு ஆறு."

"இன்னிக்கி நாலரைங்க," என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் கதவுப் பக்கம் காதை வைத்திருந்தேன். முதலில் கேள்விகள் முடிந்தன. பிறகு பெட்டி தொடங்கியது. பெட்டி மட்டும் தனியாக ஒலித்த அந்தக் கொஞ்ச நேரம், பாயில் வாய் மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைதான் என் கண்ணில் நின்றாள். அதற்குப் பின் பாட்டு வந்தது. ஓரிடத்தில் தடுக்கியது, விட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

மதியம் டீச்சரைப் பார்த்து, கேட்காமல் மாற்றிவிட்டோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அஞ்சரைன்னு நான் சொன்னப்ப அவளுக்கு வயசு பத்துங்க. இன்னுமா அதுலயே வச்சிருந்தீங்க," என்றார். பிறகு அவரும் தன் தலையில் தட்டிக்கொண்டார். நெட் சரியில்லை என்பதை அவரும்தான் நம்பியிருந்தார். இன்னும் சில வருடங்களுக்குக் குரல் அப்படியும் இப்படியும்தான் இருக்கும், இதிலேயும் நிற்காது என்றார்.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. மகள் அதைப் பற்றிக் கேட்பதில்லை, நான்தான் தினமும் போனைப் பார்க்கிறேன். பிளாஸ்திரியின் பசை குமிழிலிருந்து போகவில்லை. அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம் என்று நினைத்தேன். துடைக்கும்போது குமிழ் நகர்ந்துவிட்டால் என்று விட்டுவிட்டேன். பிறகுதான், நகர்ந்தால் என்ன என்று தோன்றியது.

காலையில் அவள் பாயை விரித்ததும் பெட்டியின் ஒலி மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் போய்வருவது சமையலறைக்குக் கேட்கும். அன்றைய இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எத்தனை என்று நான் கேட்பதில்லை. கேட்க நினைத்து அறை வாசல் வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. சட்னியை அவள் முடித்த பிறகு அரைக்கிறேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் போய்விடும் என்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டுகிறேன்.